ஆக்ஸிலரேட்டர் இல்லாத பக்கம்

டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆசிரியரின் காலடியிலும் பெடல் உண்டு. கிளட்ச் உண்டு, பிரேக் உண்டு, ஆக்ஸிலரேட்டர் மட்டும் கிடையாது. ஆசிரியரால் வண்டியை நிறுத்த முடியும், ஓட்ட முடியாது. அந்த இருக்கையில் ஒரு பெண்மணி முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தாள் என்றால், அவள் எத்தனை தடவை வண்டியை நிறுத்தியிருப்பாள், எத்தனை தடவை ஓட்டியிருப்பாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. மாணவர்கள் என்றால் பதினெட்டு வயதில் மீசை அரும்பியவரும் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவரும் உண்டு. அந்தப் பெயர் அவள் காதுக்கு எட்டாது என்று அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நினைப்புதான். நாலு வண்டி தள்ளி ஒரு சைக்கிள் மணி அடித்தாலே அந்தக் காதுக்கு எட்டும்.

சும்மா வைத்த பெயரும் அல்ல. பந்து உருண்டு வந்தால் பின்னால் குழந்தை வரும் என்று அவள் காலுக்குத் தெரியும். நின்ற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆள் வருவதற்குள் அவள் பாதம் பெடலில் இருக்கும். மாணவர் வாயைப் பிளந்துகொண்டு "ஐயோ" என்பதற்குள் வண்டி நின்று, அவள் வெளியே பார்த்துக்கொண்டு, "இப்ப என்ன பண்ணியிருக்கணும், சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாய்க்குட்டிக்குக்கூட அடிபட்டதில்லை. இதைச் சாதாரணமாக நினைப்பவர்கள், ஸ்டியரிங்கைப் பிடித்தவுடன் கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

இப்படிப்பட்டவளுக்குப் போய் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை.

அது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே வந்துவிட்டது. ஒரு மளிகைக் கடைக்காரருக்கு வளைவில் திரும்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விர்ரென்று ஒரு மஞ்சள் வண்டி தாண்டிப் போனது. மேலே கூரை இல்லை, உள்ளே இரண்டே இருக்கை, தரையோடு தரையாகக் கிடந்தது. ஓட்டியது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை, கழுத்தில் சுற்றிய துணி மட்டும் பின்னால் பறந்தது. மளிகைக்காரர் வெலவெலத்துப்போய் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். அவள் பிரேக்கை மிதித்தாள். இவர்கள் நின்றார்கள், மஞ்சள் வண்டி போயே போய்விட்டது.

"பாத்தீங்களாம்மா, கொழுப்பெடுத்த ஜென்மம்!" என்றார் மளிகைக்காரர்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மனசு அந்த வளைவிலேயே பறிபோய்விட்டது.

அதற்கப்புறம் அந்த மாதிரி வண்டிகள் எப்போதாவது கண்ணில் படும். எல்லாம் அவளைத் தாண்டித்தான் போகும். அவள் வண்டியின் பின்னால் 'கற்றுக்கொள்பவர்' என்ற பலகையும் அதன் கீழே நாற்பது என்ற எண்ணும் ஒட்டியிருந்தன. நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்பது ஸ்கூலின் சட்டம். எதிரே வந்தாலும் அவள் மாணவரின் கையைப் பார்ப்பாளா, வண்டியைப் பார்ப்பாளா? ஆக, ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் முதுகை மட்டுமே அவள் இத்தனை காலமும் பார்த்திருந்தாள். முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

இந்த ஆசையைத் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர். கண்ணாடிக் கடையில் வேலை. கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா இருக்கா, முன்ன இருந்தது நல்லா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. சாந்தமான மனிதர். அவருக்கு ஓட்டத் தெரியாது. இருபத்தொன்பது வருடத்துக்கு முன் அவளே ஸ்கூல் காரில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். மூன்றாவது நாள் நடுத்தெருவில் அவர் கதவைத் திறந்து இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எட்டாம் நாள் சமாதானம் ஏற்பட்டபோது, இனி அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை, இவள் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுவதில்லை என்று உடன்படிக்கை ஆனது. அன்றுமுதல் யார் காரில் ஏறினாலும் அவர் பின் இருக்கைக்குத்தான் போவார்.

அந்த மனிதர்தான் ஒரு திங்கட்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்னிக்குக் கடைக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். ரிட்டயர் ஆயிட்டாராம். ரெண்டு சீட்டு வண்டி ஒண்ணு வெச்சிருக்காராம். விக்கப்போறாராம்."

"என்ன கலர்?" என்றாள் பிரேக்கம்மா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"மஞ்சள்னார். சும்மா சொன்னேன். நீ வருவேன்னு சொல்லிட்டேன்."

சும்மா சொன்ன லட்சணம் இது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு வேலை முடிகிறது. வயது அறுபத்திரண்டு. ஓய்வு பெற்றதும் தோட்டம் போடலாம், பின்னல் வேலை கற்றுக்கொள்ளலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு ஃபோனில் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, ரெண்டே ரெண்டு சீட்டா? நாங்க வந்தா எங்க உக்காருவோம்?"

"பஸ்ல வாங்க. நான் வரல?"

பணத்தைப் பற்றி இந்தக் கதையில் பேச ஒன்றுமில்லை. இருந்தது. பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஸ்கூல் கார் ஸ்கூலிலேயே நிற்கும். சொந்தமாக ஒரு டப்பா வண்டியைக்கூட அவள் வாங்கவில்லை. வாங்கினால் அது ஒன்றுதான், இல்லாவிட்டால் பஸ் போதும். அந்த விஷயத்தில் பிடிவாதக்காரி.

புதன்கிழமை சாயங்காலம் பல் டாக்டர் வீட்டுக்குப் போனாள். வீட்டுப் பக்கவாட்டில் தகர ஷெட். டாக்டர் உயரமான, ஒல்லியான மனிதர். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்.

"இந்த இடுப்பு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதும்மா. வண்டிக்குள்ள விழுந்துடறேன், எந்திரிக்க முடியல. போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ரெண்டு கையையும் பிடிச்சு ஆட்டி ஆட்டி இழுத்தார். நான் எத்தனை பேருக்குக் கடைவாய்ப் பல்லு பிடுங்கியிருப்பேன், அந்தப் பல்லோட கஷ்டம் எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

உறையை உருவினார். பிரேக்கம்மா முதன்முதலாக அதன் முகத்தைப் பார்த்தாள். உருண்டையாக இரண்டு விளக்கு, நடுவில் சின்னதாக ஒரு வாய். திமிராக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. எங்கே போகலாம் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் முகமாக இருந்தது.

"ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்று டாக்டர் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் வண்டியைச் சுற்றிப் போனாள். கதவைத் திறந்தாள். குனிந்து உள்ளே இறங்கினாள், பெல்ட்டை இழுத்து மாட்டினாள், புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சாவியை வெளியே நீட்டி, "ம், உக்காருங்க. முதல்ல கண்ணாடியைச் சரி பண்ணிக்கோங்க. அவசரமே இல்ல" என்றாள்.

டாக்டர் சாவியை வாங்கவில்லை. "நானாம்மா ஓட்டணும்?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவள் தன் முன்னால் பார்த்தாள். ஸ்டியரிங் இல்லை. வாங்க வந்த வண்டியில் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். காது வரைக்கும் சூடேறியது.

இடம் மாறினாள். ஓட்டினாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடி பார்த்தாள், சிக்னல் போட்டாள், தெருமுனைக்கு இருபதடி முன்பே வேகத்தைக் குறைத்தாள். பச்சை விளக்கு எரிந்த இடத்திலும், எந்த நேரமும் மாறலாம் என்று குறைத்தாள். வேகமுள் நாற்பதைத் தொட்டதும் கால் தானாக எழும்பிவிடும், யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி. ஒரு பால் வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. என்ஜின் நடுநடுவே பெருமூச்சு விட்டது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவர் உடனே எழ முயற்சி செய்யவில்லை. அப்படியே உட்கார்ந்து பேசினார்.

"பரீட்சைன்னா நூத்துக்கு நூறும்மா. ஆனா என் நாற்காலியில உக்காந்தவங்க கைப்பிடியைப் பிடிப்பாங்க பாருங்க, அப்படித்தான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தீங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒரு ஹோட்டல்காரர் இந்த வண்டியைக் கேட்டிருக்கார். வாசல்ல கண்ணாடிக் கூண்டு கட்டி, உள்ள நிறுத்தி, விளக்கு போடுவாராம். எனக்கு மனசே வரல. உங்க வீட்டுக்காரர் சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா கோவிச்சுக்காதீங்க. நாற்பதுலயே போறதுக்கு இது பிறக்கல. இப்படித்தான் ஓடணும்னா அந்தக் கூண்டே தேவல, அங்கயாவது தினமும் தொடைப்பாங்க. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வரேன்னிருக்கார். அதுக்குள்ள உங்களுக்கு வேற மாதிரி ஏதாவது தோணிச்சுன்னா வாங்க."

பஸ்ஸில் வரும்போது பிரேக்கம்மாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரையே ஓட்டவைத்தவளுக்கு ஓட்டத் தெரியாதாம்! இந்தப் பல் டாக்டருக்கு என்ன தெரியும்? அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கோபம் வீட்டு வாசலுக்குள் ஆறியிருக்கும். உண்மையாக இருந்ததால் இரண்டு நாள் ஆறவில்லை. ஆறிய பிறகு பயம் வந்தது. மாணவருக்குச் செய்துகாட்ட இருபதில் ஒரு சுற்று, தேர்வு மைதானத்துக்கு முப்பதில் ஒரு நடை. இவ்வளவுதான் அவள் ஓட்டிய ஓட்டம். நிறுத்துவதை மட்டும் செய்து செய்து, போவது என்பது தன் காலுக்கே மறந்துவிட்டதோ? இந்த வண்டியும் கைநழுவினால் இனி இன்னொரு ஆசைக்கு வயது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. ஸ்கூல் முதலாளி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால், பளபளவென்று தேய்த்த மரப்பலகையில் பதித்த ஒரு பிரேக் பெடல். அவள் முதன்முதலில் உட்கார்ந்த காரின் பெடல். அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டபோது இதை மட்டும் யாரோ கழற்றி எடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் ரப்பர், அவள் பாதத்தின் முன்பக்கம் படும் இடத்தில் மட்டும் குழிந்து போயிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. பெருமையும் இருந்தது, வருத்தமும் இருந்தது. எது கூட என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

"வேற ஏதாவது வேணும்னா கேளுங்க. கூச்சப்படாதீங்க" என்றார் முதலாளி.

"நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் வண்டி வேணும்."

"யாருக்குச் சொல்லிக்கொடுக்க?"

"எனக்கு" என்றாள் பிரேக்கம்மா.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கேட்டாள். தனியாகப் போக அவளுக்குத் தைரியம் இல்லை. பக்கத்தில் யாராவது பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டு இருந்தால்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வரும் என்று தோன்றியது.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றார் வீட்டுக்காரர்.

"மிதிக்கத் தெரியும்ல? அது போதும்."

"உடன்படிக்கை?"

"அது நீங்க ஓட்டறதுக்கு. நீங்க என்ன ஓட்டவா போறீங்க?"

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஊருக்கு வெளியே, சரக்குக் கிடங்குகளின் பின்னால் நேராக ஒரு சாலை போகும். எண்பது வரை போகலாம் என்று அரசாங்கமே பலகை வைத்திருக்கிறது. அந்தப் பலகையை ஆயிரம் தடவை நாற்பதில் கடந்திருக்கிறாள், பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட. வீட்டுக்காரர் ஆசிரியர் இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு முன் இருக்கை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வலது காலைப் பெடல் மேல் பதமாக வைத்துக்கொண்டார்.

முப்பத்தைந்தில் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி கடக்கென்று நின்றது. பிரேக்கம்மாவின் நெஞ்சில் பெல்ட் இறுக்கியது.

"எதுக்குங்க மிதிச்சீங்க?"

"காக்கா."

"அது பறந்துடும்ங்க!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

மறுபடி கிளம்பினாள். நாற்பது. கடக். தூரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. மறுபடி கிளம்பினாள். கடக். இந்தத் தடவை ஒரு மரத்தின் நிழல். எட்டாவது தடவை அவள் பொறுமை பறந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "நான் என்ன உங்கள கிணத்துலயா தள்ளப்போறேன்? கொஞ்ச நேரம் கால எடுத்தாத்தான் என்னவாம்? என்னால ஒரு கியர் மாத்த முடியல. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடுச்சு!" என்று கத்தினாள்.

வீட்டுக்காரர் பதிலுக்குக் கத்தவில்லை. முன்னால் இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அந்த மூணாம் நாள்."

"எந்த மூணாம் நாள்?"

"நான் இறங்கிப் போனேனே, அன்னிக்கு. நான் சரியாத்தான் ஓட்டிட்டிருந்தேன். ஆனா எதுக்குன்னே தெரியாம வண்டி தானா நிக்கும். மறுபடி எடுப்பேன், மறுபடி நிக்கும். நீ மிதிக்கறேன்னு எனக்கு அப்ப தோணவே இல்ல. நீ வெளிய பாத்துட்டு உக்காந்திருந்தே. சரி, நமக்கு இது வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு இந்தப் பெடல் மேல கால் வெச்சப்புறம்தான் புரியுது."

இருபத்தொன்பது வருடமாகத் தனக்கு ஓட்ட வராது என்று நினைத்துக்கொண்டு, யார் காரானாலும் பின் இருக்கைக்கு நடந்த இந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு வராமல் இல்லை. அவள்தான் விடவில்லை.

"பயமா இருந்துச்சுங்க" என்றாள். "மத்தவங்களுக்கு ஒரு மிதின்னா உங்களுக்கு மூணு மிதி மிதிச்சேன். அவங்களுக்கு ஏதாவது ஆனா ஸ்கூலுக்குக் கெட்ட பேரு. உங்களுக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்ணுவேன்?"

"அது எனக்கு இப்பத் தெரியுது. நான் மட்டும் காக்காய்க்கா பயந்தேன்?"

பிறகு வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார். வலது காலை மடக்கி மேலே இழுத்தார், முனகிக்கொண்டே இடது காலையும் இழுத்தார். காரின் முன் இருக்கையில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெடல் இனி அவருக்கு எட்டாது.

"இனி உன் பாடு" என்றார்.

அவள் கிளம்பினாள். நாற்பதில் கால் எழும்பப் பார்த்தது. பக்கத்தில் மடிந்து கிடந்த அந்த இரண்டு பாதங்களைப் பார்த்தாள், எழும்ப விடவில்லை. ஐம்பது. ஸ்கூல் கார் இந்த வயதில் இது என்ன கூத்து என்று நடுங்கியது. அறுபது. கிடங்குச் சுவர்கள் சரசரவென்று பின்னால் ஓடின. ஒரு காகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது, அது பாட்டுக்குப் பறந்தும் போனது. எழுபது, எழுபத்தைந்து, எண்பது. பலகையில் எழுதியிருந்த அதே எண்பது. வண்டி நேராகப் போனது. கைகள் ஸ்டியரிங்கில் லேசாக இருந்தன. அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பதே பல்லில் காற்றுப் பட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஜன்னல் காற்றில் முடி பறக்க, வீட்டுக்காரர் தன் தொழில் குரலில் கேட்டார்: "இது நல்லா இருக்கா, முன்ன இருந்தது நல்லா இருக்கா?"

"இது" என்று கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கே டாக்டர் வீட்டு வாசலில் நின்றாள். உறையை உருவியதும் பழக்க தோஷத்தில் அவள் கால் பக்கத்து இருக்கைப் பக்கம்தான் போனது. கதவையும் திறந்தாள். ஆனால் ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க டாக்டர்" என்றாள்.

ஊருக்குள் அவள் அதே பிரேக்கம்மாதான். கண்ணாடி, சிக்னல், பந்துக்கும் பஸ்ஸுக்கும் மரியாதை. டாக்டர் முகத்தில் ஏமாற்றம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கிடங்குச் சாலை வந்தது. பலகை வந்தது. அவள் கியரை மாற்றிக் காலை அழுத்தினாள். மஞ்சள் வண்டி முதலில் ஒரு கணம் நம்பாதது போல் தயங்கியது. பிறகு இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரலை எடுத்துப் பாடிக்கொண்டு பாய்ந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டியது. எத்தனையோ வருடமாக வேடிக்கை பார்த்த முதுகுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன, இன்று அவள் முன்னால் ஒரு முதுகும் இல்லை. சாலை முடியும் இடத்தில் அகலமான ஒரு வளைவு. அவள் முன்கூட்டியே கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், வளைவுக்குள் வண்டியை வழுக்கவிட்டுக்கொண்டு போனாள்.

பக்கத்தில் தட் என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பாதம் அவசரமாகத் தரையை மிதிக்கும் சத்தம். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அங்க ஒண்ணும் இல்ல டாக்டர்."

டாக்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது காலடி விரிப்பை அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு கை கதவின் கைப்பிடியை இறுக்கியிருந்தது, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பிடிக்கிற மாதிரியே. அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வர, வீடு வந்து சேரும் வரைக்கும் சிரித்தார்.

ஷெட் வாசலில் ஹோட்டல்காரர் அளவு டேப்பும் கையுமாகக் காத்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். கூண்டுல அடைக்கலாம்னு பாத்தோம், பறந்துடுச்சு" என்றார் டாக்டர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. ஹோட்டல்காரர் ஒரு கையையும் பிரேக்கம்மா ஒரு கையையும் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அந்த மட்டில் ஹோட்டல்காரர் வந்ததும் வீண் போகவில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆசைப்பட்டாள், வாங்கினாள், ஓட்டினாள். பெடல் பதித்த பலகையை வீட்டுக்காரர் கூடத்துச் சுவரில் மாட்டினார், வாரக் கடைசியில் மகள் பஸ்ஸில் வந்தாள். ஆனால் பிரேக்கம்மாவுக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் எல்லோரிடமும் வண்டியைப் பற்றிப் பீற்றிக்கொண்டார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார். ஓட்டுவதைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. இரண்டாவது மாதம் அவளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் அவர் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள். தன் இடத்துக்கு வந்திருந்த புது ஆசிரியையிடம், "அவர் கொஞ்சம் நல்லாவே ஓட்டுவார். கால அடக்கி வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

ஆறு வாரம் ஆனது. ஒரு ஞாயிறு காலை கிடங்குச் சாலையின் தொடக்கத்தில் மஞ்சள் வண்டி நின்றது. அதன் அழகான முதுகில் 'கற்றுக்கொள்பவர்' என்ற பலகை ஒட்டியிருந்தது. கீழே நாற்பது. பல் டாக்டரிடம் யாரும் போய்ச் சொல்லிவைக்காதீர்கள்.

பிரேக்கம்மா இறங்கினாள், வண்டியைச் சுற்றிப் போனாள், பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை தெரிந்தேதான். பெல்ட்டை மாட்டினாள். சாவியை நீட்டினாள்.

"கண்ணாடியைச் சரி பண்ணிக்கோங்க. அவசரமே இல்ல."

வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "அது இல்லங்க" என்றாள். அவர் மேலே இருந்த கண்ணாடியையும் சரிசெய்தார். என்ஜின் உறுமியதும் இருவருக்கும் ஒரே சமயத்தில் வியர்த்தது. சம்மணம் போட்டுக்கொள்ளலாமா என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது, ஆனால் அந்தக் குட்டி இருக்கையில் முழங்கால் மடங்க இடமில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு காலையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டாள். பாதத்துக்குக் கீழே வெறும் தரை.

வண்டி நகர்ந்தது. இருபது. முப்பது. ஒரு லாரி ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது, அதன் பின்னால் ஒரு பஸ்ஸும் போனது. வீட்டுக்காரர் கலங்கவில்லை. தூரத்தில் ரோட்டோரம் ஒரு காகம் தெரிந்தது. அவள் பாதம் துடித்தது. கையிரண்டையும் மடியில் கோர்த்துக்கொண்டாள். பார்த்தது காகத்தை அல்ல, அவர் முகத்தை. வயது அறுபத்தாறு. வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் விரிந்திருந்தது, இருபத்தொன்பது வருடத்துக்கு முன் அவள் பார்க்காமல் விட்டுவிட்ட முகம்.

அகலமான வளைவு வந்தது. அவர் அதை மெதுவாக, கொஞ்சம் தாராளமாகவே, ஆனால் தன் கையாலேயே திருப்பி முடித்தார்.

"நிக்கலியே!" என்றார்.

"நிக்காது. போங்க" என்றாள் பிரேக்கம்மா.

அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை வண்டி ஒரு தடவைகூடத் தானாக நிற்கவில்லை.